பானை ஏன் குளிரலை?

(தம்பி, தங்கைகளின் அறிவியல் கண்காட்சிக்கு உதவப் போகிறவர்களுக்கு ஒரு பாடம்)

செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போனால் நம்மில் பாதிப் பேருக்கு ஒரு வேலை காத்திருக்கும். "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியேப்பா, பிள்ளைக்கு ஸ்கூல்ல சயின்ஸ் எக்ஸிபிஷனாம். ஏதாச்சும் செஞ்சு குடு." சித்தி சொல்லுவாங்க, அத்தை சொல்லுவாங்க, மாடி வீட்டு அக்கா சொல்லுவாங்க. அரியர் எத்தனைன்னு கேட்காம நம்மள மதிக்கிற ஒரே இடம் அதுதான். நாமும் கெத்தாகத் தலையாட்டிவிடுவோம்.

அந்தக் கெத்தில் நான் செய்த ஒரு தப்பையும், இரண்டு வருஷம் கழித்து அதைத் திருத்திக்கொண்ட விதத்தையும்தான் இங்கே எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் வெப்ப இயற்பியல் வரும். பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

முதலில் என் தப்பு

நான் முதல் வருஷம் படித்தபோது மதுரையில் இருக்கும் சித்தி பொண்ணு ஆறாம் வகுப்பு. வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பா. அவள் பள்ளிக் கண்காட்சிக்கு நான் ஒரு 'ஸ்மார்ட் குப்பைத்தொட்டி' செய்து கொடுத்தேன். ஆர்டுயினோ ஊனோ ஒன்று, அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்று, குட்டி சர்வோ மோட்டார் ஒன்று. கையை நீட்டினால் மூடி தானாகத் திறக்கும். கோட் எழுதினது நான். வயர் மாட்டினது நான். சார்ட்டில் தலைப்பு எழுதினதுகூட நான்தான், ஏன்னா அவள் கையெழுத்து 'கொஞ்சம் கோணலா' இருந்ததாம். பாப்பாவுக்கு நான் கொடுத்த வேலை, ஒரு பக்கம் மனப்பாடம்.

கண்காட்சி அன்று நடுவராக வந்த டீச்சர் மூடி திறப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுல கண்ணு மாதிரி ரெண்டு இருக்கே பாப்பா, ஏன் ரெண்டு?"

நமக்குத் தெரியும். ஒன்று காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும், இன்னொன்று திரும்பி வரும் எதிரொலியை வாங்கும். போய்வந்த நேரத்தை நொடிக்குச் சுமார் 340 மீட்டர் என்ற ஒலியின் வேகத்தோடு பெருக்கி, இரண்டால் வகுத்தால் தூரம். மனப்பாடப் பக்கத்தில் இது இல்லை. பாப்பா திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "அண்ணன்தான் செஞ்சுச்சு" என்றாள்.

வேடிக்கை என்னன்னா, இரண்டாம் பரிசு கிடைத்தது. மூடி திறப்பது எல்லாருக்கும் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் சான்றிதழை என் கையில் கொடுத்தாள். "இது ஒன்னோடதுண்ணே." கோபமே இல்லாமல் சொன்னாள். அடுத்த வருஷம் கண்காட்சிக்குப் பேர் கொடுக்கச் சொன்னபோது, "எனக்கு சயின்ஸ் வராது பெரியம்மா" என்று என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த ஒரு வாக்கியம்தான் என்னை உறுத்தியது. சயின்ஸ் வராது என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான்தான், ஒரு வார்த்தைகூடப் பேசாமல்.

பாடம் 1: கேள்வி பிள்ளையுடையதாக இருக்கணும்

போன ஜூன் லீவில் சித்தி மறுபடியும் கேட்டார். பாப்பா இப்போது எட்டாம் வகுப்பு. இந்தத் தடவை நான் எந்த ஐடியாவும் கொடுக்கவில்லை. ஒரு பழைய நோட்டைக் கொடுத்து, "ஒரு வாரத்துக்கு உனக்கு 'ஏன்'னு தோணுற எல்லாத்தையும் இதுல எழுது" என்றேன். முதல் மூன்று நாள் நோட்டு காலி. நான்காம் நாள் ஆரம்பித்தது. பல்லி ஏன் விழல? தோசையில ஏன் ஓட்டை வருது? கரண்ட் போனா ஃபேன் ஏன் உடனே நிக்கல? ஏழாம் நாள் அம்மாச்சி வீட்டுக்குப் போய்வந்து எழுதியிருந்தாள்: "அம்மாச்சி ஒவ்வொரு வெயிலுக்கும் ஏன் புதுப் பானை வாங்குறாங்க? பழைய பானை உடையவே இல்லையே."

அம்மாச்சியிடம் கேட்டால் பதில் ரெடி. "பழசு சரியா குளிராதுடி." ஏன் குளிராது? "அது அப்படித்தான்."

"அது அப்படித்தான்" என்று பெரியவங்க நிறுத்துகிற இடத்தில்தான் ஒரு நல்ல புராஜெக்ட் இருக்கும். 1921-ல் ஒரு கப்பல் பயணத்தில் சி. வி. ராமன் மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார். வானத்தின் நீலம்தான் கடலில் பிரதிபலிக்கிறது என்பது அன்றைக்குப் பலரும் ஏற்றுக்கொண்ட பதில். அவர் அதோடு விடவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதுதான் 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவில் முடிந்தது. நம் பள்ளிகளில் தேசிய அறிவியல் நாள் கொண்டாடுவது அந்த நாளில்தான். அவர் ஆரம்பத்தில் பயன்படுத்தியவை சூரிய ஒளி, வடிகட்டும் கண்ணாடிகள், தன் சொந்தக் கண். கருவி எளிமையானதுதான். கேள்வி மட்டும் அவருடையது.

கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயம் மட்டும் பாருங்க. ஒன்று, வீட்டில் இருப்பதை வைத்து அளக்க முடியணும். இரண்டு, பதில் நமக்கே முழுசாகத் தெரியாமல் இருந்தால் ரொம்ப நல்லது. தெர்மாகோல் எரிமலையில் சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினால் பொங்கும் என்று ஊருக்கே தெரியும். நிஜ எரிமலை அந்த வேதிவினையால் வெடிப்பதும் இல்லை. அதில் பிள்ளை கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கு?

பாடம் 2: மூன்று பெட்டி

கேள்வி கிடைத்ததும் ஒரு தாளை மூன்று பெட்டியாகக் கோடு போட்டுக் கொடுத்தேன்.

1. எதை மாத்தப் போற?
2. எதை அளக்கப் போற?
3. எதையெல்லாம் மாத்தாம வைக்கணும்?

நாம் லேப் ரெக்கார்டில் 'மாறிகள்' என்று எழுதுவது இதுதான். பெயர் முக்கியமில்லை, பெட்டி முக்கியம்.

முதல் பெட்டியில் பாப்பா எழுதியது: "பானை (பழசு, புதுசு)." இரண்டாவதில்: "தண்ணி எவ்வளவு சில்லுன்னு இருக்கு." மூன்றாவது பெட்டிதான் கஷ்டம். அவள் "தண்ணி" என்று மட்டும் எழுதினாள். நான் பதில் சொல்லாமல் கேள்வியாகவே கேட்டேன். ஒரு பானையை ஜன்னல்கிட்டயும் இன்னொண்ணை மூலையிலயும் வெச்சா? ஒண்ணுல காலைல புடிச்ச தண்ணி, இன்னொண்ணுல மத்தியானம் டேங்க்ல சூடான தண்ணின்னா? ஒண்ணுக்கு மூடி இருந்து இன்னொண்ணுக்கு இல்லாட்டி? ஒவ்வொரு கேள்விக்கும் பெட்டியில் ஒரு வரி கூடியது. கடைசியில் அவளே கேட்டாள்: "அண்ணே, பானையே இல்லாத மாதிரி ஒண்ணும் வெக்கணுமோ?" அப்படித்தான் மூன்றாவதாக ஒரு எவர்சில்வர் குண்டான் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் என்பதை நான் சொல்லவே இல்லை.

மொத்தச் செலவு 500 ரூபாய்க்குள். போன வருஷத்துப் பானை அம்மாச்சியுடையது. அதே கடையில் அதே அளவில் புதுசு ஒன்று வாங்கினோம். இரண்டு லேப் தெர்மாமீட்டர் வாங்கினோம். காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் 35 டிகிரியில்தான் ஆரம்பிக்கும், இதற்கு உதவாது. பாதரசம் வேண்டாம், உடைந்தால் ஆபத்து. சிவப்புத் திரவம் உள்ளதை வாங்குங்க. வீட்டில் கேக் செய்து விற்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் பத்து கிலோ வரை காட்டும் டிஜிட்டல் தராசைக் கடன் வாங்கினோம்.

பாடம் 3: முதல் நாள் சொதப்பட்டும்

முதல் நாள் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. ரொம்பக் கஷ்டமான வேலைங்க இது. தப்பு நடப்பது தெரியும், கை துறுதுறுக்கும்.

தப்பு ஒன்று: பாப்பா காலையில் மூன்று லிட்டர் ஊற்றி, சாயங்காலம் மிச்சத் தண்ணீரை ஜக்கால் அளந்தாள். புதுப் பானையில் ஏகப்பட்டது குறைந்திருந்தது. "அம்புட்டும் ஆவியாயிருச்சு!" என்று குதித்தாள். நான் கேட்டது ஒன்றுதான்: "காலியான பானையைத் தூக்கிப் பாரு, காலையில இருந்த கனம்தானா?" இல்லை. புதுப் பானை தண்ணீரைக் குடித்திருந்தது. ஆவியான தண்ணீர் வேறு, மண் உறிஞ்சிய தண்ணீர் வேறு. இரவு யோசித்து, காலையில் அவளே வழி சொன்னாள். பானை, தண்ணீர், அடியில் தட்டு எல்லாவற்றையும் சேர்த்து எடை போடணும். உறிஞ்சினாலும், சொட்டினாலும் அது தராசுமேலேயே இருக்கும். குறைவது காற்றில் போனது மட்டும்.

தப்பு இரண்டு: ஒரே டம்ளர் தண்ணீரில் இரண்டு தெர்மாமீட்டரையும் வைத்தால் ஒரு டிகிரி வித்தியாசம் காட்டியது. ஒரே கடை, ஒரே நாள் வாங்கினது. "எது நெசம்?" என்றாள். ஐஸைப் பொடித்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் இரண்டையும் வைத்தோம். அந்தக் கலவை 0 டிகிரியில்தான் இருக்கணும். ஒன்று 0 காட்டியது, இன்னொன்று 1. உடனே ஒரு துண்டுப் பேப்பரில் "இவன் ஒண்ணு கூடச் சொல்லுவான்" என்று எழுதி அதில் ஒட்டிவிட்டாள். நாம் லேப்பில் 'பூஜ்யப் பிழை' என்று எழுதிவிட்டு மறந்துபோவதை அவள் இனி மறக்கமாட்டாள்.

நாமே முதலில் குறுக்கிட்டிருந்தால் இந்த இரண்டும் அவளுக்கு வெறும் இரண்டு விதிகளாகப் போயிருக்கும்.

பாடம் 4: கணக்கு இடிக்கிற இடத்தில் நில்லுங்க

அப்புறம் மூன்று நாள், காலை 8 முதல் மாலை 4 வரை அளந்தாள். ஒரு நாள் அளவு போதாது. மூன்று நாளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்தால்தான் நம்பலாம். தண்ணீர் 31 டிகிரியில் ஆரம்பித்தது, மாலையில் அறை 33 டிகிரி. சராசரி இப்படி வந்தது:

எவர்சில்வர் குண்டான்: எடைக் குறைவு 2 கிராம், தண்ணீர் 32 டிகிரி.
பழைய பானை: எடைக் குறைவு 55 கிராம், தண்ணீர் 30 டிகிரி.
புதுப் பானை: எடைக் குறைவு 150 கிராம், தண்ணீர் 27 டிகிரி.

எவ்வளவு போகுதோ அவ்வளவு குளிருது. இது அவளே சொன்ன முடிவு. இங்கேதான் நான் முதல்முறையாக ஏதோ சொல்லிக் கொடுத்தேன், இரண்டே எண்கள். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க 4.2 ஜூல் எடுத்தால் போதும். மிச்சத்தை அவளிடமே விட்டேன்.

மூன்று லிட்டர் என்றால் 3,000 கிராம். ஒரு டிகிரி குறைய 3,000 × 4.2 = 12,600 ஜூல். புதுப் பானையில் ஆவியானது 150 கிராம், அது எடுத்துப் போனது 150 × 2,400 = 3,60,000 ஜூல். இதை 12,600-ஆல் வகுத்தால் 28-க்கு மேல் வருகிறது.

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணே, 28 டிகிரிக்கு மேல குறைஞ்சிருக்கணும். 31-ல இருந்து குறைஞ்சா ஃபிரிட்ஜ் தண்ணி மாதிரி இருக்கணும். ஆனா 4 டிகிரிதான் குறைஞ்சிருக்கு. கணக்குத் தப்பா?"

கணக்கு சரி. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது: ஈரக்குமிழ் வெப்பநிலை, வெப்பக் கடத்தல், சமநிலை. தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் தப்பித்து வந்தவனுக்கு இதைவிட நல்ல மேடை கிடைக்குமா? ஆனால் சொல்லவில்லை. "பானையைச் சுத்தி என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"காத்து."

"காத்து எத்தனை டிகிரி?"

"33." கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "அப்ப வெளிய இருந்து சூடு உள்ள வந்துக்கிட்டே இருக்கு. பானை வெளியேத்திக்கிட்டே இருக்கு. ஓட்டை வாளியில தண்ணி புடிக்கிற மாதிரி."

இதுக்குமேல் நான் என்ன சொல்ல? ஆவியாதல் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. பானை குளிரக் குளிர, சூடான காற்று இன்னும் வேகமாக வெப்பத்தை உள்ளே தருகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் வெப்பநிலை நின்றுவிடும். பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் வரும் விஷயத்தை ஓட்டை வாளி என்று ஒரே வரியில் சொல்லிவிட்டாள். எண்கள் ஒத்துவராத இடம் வந்தால் அதை மறைக்காதீங்க. அங்கேதான் பிள்ளை நிஜமாக யோசிக்க ஆரம்பிக்கும்.

பாடம் 5: எதிர்பார்த்தது வரலைன்னா அதுவும் ரிசல்ட்தான்

பழைய பானையில் ஏன் ஆவி குறைவு? அதன் வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அங்கே போர் தண்ணீர், உப்புத் தண்ணீர். தண்ணீர் நுண்துளை வழியாகக் கசிந்து வந்து ஆவியாகும், உப்பு ஆவியாகாது, அங்கேயே தங்கிவிடும். துளை அடைத்திருக்கும் என்பது பாப்பாவின் யூகம். அப்படியென்றால் உப்பை எடுத்தால் பானை பழையபடி குளிரணும். புளித்தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்தாள். மறுபடியும் மூன்று நாள் அளவு.

55 கிராம் 70 ஆனது. 150-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. பாப்பாவின் முகம் விழுந்துபோச்சு. "ஃபெயிலாண்ணே?"

உண்மையைச் சொல்லணும். அந்த நேரத்தில் என் மனசில் ஓடியது, "70-ஐ 120-ன்னு போட்டா சார்ட் அழகா இருக்குமே" என்பதுதான். ஏன் ஓடியது தெரியுமா? போன செமஸ்டரில் என் ரெக்கார்ட் நோட்டில் ஒரு கிராஃப் நேர்கோடாக வரவில்லை என்று பக்கத்து பெஞ்ச் அளவுகளைப் பார்த்து எழுதினவன் நான். நம்மில் எத்தனை பேர் எழுதியிருக்கோம்னு கையைத் தூக்கச் சொன்னா வகுப்பே தூக்கும். பதிமூன்று வயசுப் பிள்ளைக்கு அந்தப் பழக்கத்தைத் தொற்றவைக்க எனக்கு மனசு வரவில்லை. "வந்ததை அப்படியே எழுது. ஏன் முழுசா சரியாகலைன்னு உனக்கு என்ன தோணுதுன்னு கீழ எழுது" என்றேன்.

அவள் எழுதியது: "உப்பு வெளியில் மட்டும் இல்லாமல் மண்ணுக்கு உள்ளேயும் போயிருக்கலாம். நார் அங்கே போகாது."

பாடம் 6: சார்ட்டும் பேச்சும்

சார்ட் அவள் கையெழுத்தில்தான் இருந்தது. கோணல் அப்படியே. வரிசை மட்டும் சொன்னேன்: என் கேள்வி, நான் நினைத்தது, செய்தது, அளந்தது, தெரிந்தது, தெரியாதது. கடைசித் தலைப்பை விட்டுவிடாதீங்க. 'தெரியாதது' என்று ஒரு கட்டம் இருந்தாலே பிள்ளைக்குப் பாதி பயம் போய்விடும்.

மனப்பாடம் கிடையாது. அதற்குப் பதிலாக வீட்டில் மூன்று பேரிடம் விளக்கச் சொன்னேன்: அம்மாச்சி, பால்காரர், இரண்டாம் வகுப்பு படிக்கும் எதிர்வீட்டுப் பையன். அவனுக்குப் புரிந்தால் நடுவருக்கும் புரியும்.

நாலு வார அட்டவணை

முதல் வாரம்: கேள்வி நோட்டு. தினம் ஒரு 'ஏன்'. வாரக் கடைசியில் அளக்க முடிந்த ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

இரண்டாம் வாரம்: மூன்று பெட்டி, பொருள் சேகரிப்பு, ஒரு ஒத்திகை அளவு. சொதப்பல் எல்லாம் இந்த வாரத்தில் நடந்து முடியட்டும்.

மூன்றாம் வாரம்: நிஜமான அளவுகள், குறைந்தது மூன்று தடவை. தேதி, நேரம் போட்டு நோட்டில் பிள்ளை கையால். அடித்தல் திருத்தல் இருந்தால் இருக்கட்டும், அழகாகத் திருப்பி எழுத வேண்டாம்.

நான்காம் வாரம்: கணக்கு, வரைபடம், சார்ட், மூன்று பேரிடம் விளக்கம்.

கண்காட்சிக்கு முந்தின ராத்திரி கூப்பிட்டால்? மாதிரி செய்து தராதீங்க. சொட்டுகிற குழாயடியில் ஒரு டம்ளரை வைத்து நேரம் பார்க்கச் சொல்லுங்க. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு என்று வைத்தால் நாலு லிட்டருக்கு மேல். அளந்து பார்த்தால் ஒரே ராத்திரியில் ஒரு நேர்மையான புராஜெக்ட்.

நம் கை எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது

போகலாம்: பிளேடு, அடுப்பு, சால்டரிங், வீட்டு மின்சாரம், அமிலம். இவற்றில் பிள்ளையைத் தனியாக விடவே கூடாது. பொருள் வாங்க அலைவது, தராசு கடன் கேட்பது, கேள்வி கேட்பது.

போகக்கூடாது: கேள்வியைத் தேர்ந்தெடுப்பது, அளவுகளை எழுதுவது, முடிவைச் சொல்வது, சார்ட் எழுதுவது, கண்காட்சியில் பக்கத்தில் நிற்பது.

ஆர்டுயினோவே கூடாதா என்றால், கூடும். பிள்ளைக்கு அதில் ஆசை இருந்தால் ஒரு எல்.இ.டி.யை அணைத்து ஏற்றுவதில் ஆரம்பிக்கட்டும். ஒவ்வொரு வயரும் ஏன் அங்கே போகிறது என்று சொல்லத் தெரிந்த அளவுக்குத்தான் புராஜெக்ட் வளரணும்.

வேறு சில கேள்விகள்

இட்லி மாவு எந்த இடத்தில் சீக்கிரம் பொங்கும்? ஒரே அளவு மாவை நாலு டம்ளரில் விட்டு மணிக்கொரு தடவை ஸ்கேலால் உயரம் அளக்கலாம். ஊஞ்சலில் கனமான ஆள் உட்கார்ந்தால் சீக்கிரம் ஆடுமா? நூலில் கல்லைக் கட்டி, 20 ஆட்டத்துக்கு நேரம் பார்த்தால் தெரியும். எடையை மாற்றுவது ஒரு சோதனை, நூல் நீளத்தை மாற்றுவது இன்னொன்று. எவ்வளவு உப்புத் தண்ணீரில் வெந்தயம் முளைக்காமல் நிற்கும்? நூறு விதை, ஐந்து கிண்ணம், ஐந்து நாள்.

இந்த மாதிரி வேலையில் நமக்கு ஒரு சீனியர் இருக்கிறார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இன்ஜினியர் அரவிந்த் குப்தா. தீக்குச்சி, ஸ்ட்ரா, பழைய பாட்டில் என்று குப்பையிலிருந்தே அறிவியல் பொம்மைகள் செய்து காட்டுகிறார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய புத்தகங்களும் வீடியோக்களும் இணையத்தில் இலவசம்.

ஆர்வம் தொற்றிய பிள்ளைகள் பள்ளியோடு நிற்க வேண்டியதில்லை. 1993-லிருந்து நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தங்கள் ஊரின் சிக்கலை எடுத்து ஆய்வு செய்யும் இடம். தமிழ்நாட்டில் இதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைக்கிறது. அவர்கள் நடத்தும் 'துளிர்' இதழையும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாம். மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் பள்ளி வழியாக ஐடியா அனுப்பித் தேர்வானால், மாதிரி செய்ய 10,000 ரூபாய் கிடைக்கும். 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிப்பவர்களுக்கு அறிவியல் செயல்முறைகளை வகுப்பறைக்கே கொண்டுபோகிறது.

கண்காட்சி அன்று

நான் கடைசி வரிசையில், தூண் பக்கத்தில் நின்றேன். பாப்பாவின் மேசையில் மூன்று பாத்திரம், ஒரு தராசு, ஒரு கோணல் சார்ட். பக்கத்து மேசையில் சிரிஞ்சில் ஓடும் ஹைட்ராலிக் ஜே.சி.பி. கூட்டம் அங்கேதான்.

நடுவர் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு இடத்தில் பிடித்தார். "புதுப் பானை மண்ணும் பழைய பானை மண்ணும் ஒண்ணுதானா? வேற மண்ணா இருந்தா?"

எனக்குத் திக்கென்றது. இது எனக்கே தோன்றவில்லை. பாப்பா திரும்பி என்னைத் தேடவில்லை.

"தெரியல சார். ஒரே கடை, ஒரே அளவு. மண்ணு ஒண்ணான்னு தெரியல." கொஞ்சம் நிறுத்தினாள். "இந்தப் புதுப் பானையையே மாசாமாசம் எடை போட்டுப் பார்த்தா தெரியும். பழசாக ஆக குறைஞ்சா உப்புதான் காரணம். குறையலைன்னா மண்ணு."

நடுவர் தன் பேப்பரில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். முதல் பரிசு ஜே.சி.பி.க்கு. பாப்பாவுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை, கலந்துகொண்டதற்கான சான்றிதழ் மட்டும். அதை வீட்டுக்கு வந்ததும் பீரோ கதவில் அவளே ஒட்டினாள். என்னிடம் கொடுக்கவில்லை.

எனக்கு இப்போது மினி புராஜெக்ட் நேரம். டைட்டில் வாங்கலாமா, சீனியரோட கோடை எடுத்துப் பேரை மாத்தலாமா என்று ஹாஸ்டலில் பேச்சு ஓடுகிறது. வைவாவில் "ஏன் ரெண்டு?" என்று யாராவது கேட்டால் நாம் யாரைத் திரும்பிப் பார்ப்போம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அக்டோபரில் ஒரு நாள் ராத்திரி பாப்பா போன் பண்ணினாள். "அண்ணே, மாசக் கணக்கு எடை போட்டேன். போன மாசம் 140. இன்னிக்கு 60 தான். ஒரே மாசத்துல இம்புட்டு உப்பு அடைக்குமா?"

"உனக்கு என்ன தோணுது?" என்றேன்.

"இங்க மூணு நாளா மழை. அதுவா இருக்குமோ?" என்றாள். "இரு, மழை விட்டதும் மறுபடி போட்டுப் பார்த்துச் சொல்றேன்."